ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘தலை நார்மல்’ என்று மட்டும் எழுதித் தந்தால் ஏமாறாதீர்கள்

19 வாரத்தில் எடுத்த அனாமலி ஸ்கேன் (கருவின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது) ரிப்போர்ட் அது. மூளைக்கு ஒரே வரி: ‘தலை, முதுகெலும்பு நார்மல்’. அளவென்று பார்த்தால் பி.பி.டி., அதாவது தலையின் குறுக்களவு மட்டும். பளபளத்த தாளில் நான்கு 4டி முகப் படங்கள், அதற்குத் தனிக் காசு. 31 வாரத்தில் வேறிடத்தில் பார்த்தபோது மூளைக்குள் நீர் நிற்கும் அறையான வென்ட்ரிக்கிள் 17 மி.மீ. விரிந்திருந்தது. 19 வாரத்திலேயே விரிந்திருந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது, அன்று அளக்கவே இல்லையே.

அளக்க வேண்டியது அதிகமில்லை. வென்ட்ரிக்கிளின் பின்பகுதி அகலம் 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோப் பக்கம் உள்ள வென்ட்ரிக்கிளை மண்டையோட்டின் எதிரொலி மறைத்துவிடும். அதனால் ‘ஒரு பக்கம் சரியாகத் தெரியவில்லை’ என்று எழுதுகிறவரை நம்பலாம். சிறுமூளையின் அகலம் 20 வாரத்தில் ஏறக்குறைய 20 மி.மீ. அதன் பின்னால் இருக்கும் நீர் இடைவெளியான சிஸ்டெர்னா மேக்னா 2 முதல் 10 மி.மீ. அந்த இடைவெளி அடைபட்டு, சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்து, நெற்றியின் இருபுறமும் எலுமிச்சை போல ஒடுங்கியிருந்தால் முதுகுத்தண்டில் திறப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். மூளையின் நடுவில் முன்பக்கம் இருக்கும் சிறு நீர் இடைவெளியான கேவம் செப்டம் பெல்லூசிடம் தெரிந்ததா என்றும் எழுதியிருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் உருவாகாமல் இருக்கலாம்.

பி.பி.டி. மட்டும் போட்டுத் தருவது அரை வேலை. பிரீச்சில், அதாவது தலை மேலாகவும் பிட்டம் கீழாகவும் இருக்கும் குழந்தைக்குத் தலை நீண்டு பி.பி.டி. குறைவாகக் காட்டும், வீணாகப் பயப்படுவீர்கள். தலைச் சுற்றளவு வேண்டும், அதையும் முதல் மூன்று மாத ஸ்கேனில் உறுதி செய்த வாரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். மாதவிலக்குத் தேதி பிசகினால் நல்ல தலையும் சிறியதாகத் தெரியும்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். சிறுதலை பல நேரம் ஏழாம் மாதத்துக்குப் பிறகுதான் பிடிபடும். அதற்காக சென்டரோடு சண்டை போடாதீர்கள். மண்டையோடே உருவாகாத அனென்செஃபலி 11–14 வார ஸ்கேனிலேயே தெரியக்கூடியது. ஐந்தாம் மாதத்திலும் அதைத் தவறவிட்டால் சாக்குச் சொல்ல இடமில்லை.

வாசலைத் தாண்டும் முன் வென்ட்ரிக்கிள், சிறுமூளை, தலைச் சுற்றளவு மூன்றுக்கும் அளவுக்கோடு போட்ட படம் கேளுங்கள். ‘குழந்தை கவிழ்ந்து படுத்திருக்கு, கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா’ என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள், அது நல்ல சென்டர்.

18–20 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் மறு ஸ்கேன், பனிக்குட நீர்ப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். இந்தியாவில் 2021 சட்டத் திருத்தப்படி, கருவின் பெரிய குறைபாடு போன்ற சட்டம் குறிப்பிடும் காரணங்களுக்கான கருக்கலைப்புக்கு 20 முதல் 24 வாரம்வரை இரண்டு மருத்துவர்களின் ஒப்புதல் போதும். அதற்குப் பிறகு கருவில் பெரிய குறைபாடு இருந்தாலும் மாநில மருத்துவ வாரியத்திடம்தான் போய் நிற்க வேண்டும்.