மரை வெட்டும் ப்ரோகிராம்: கையால் எழுதுவதா, கேமில் எடுப்பதா?

பேட்டை ஐ.டி.ஐ. முடித்து எங்கள் பட்டறைக்கு வரும் பையன்கள் முதல் வாரமே கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணாச்சி, கேம் சாஃப்ட்வேர் இருக்கும்போது ஜி76-ஐ எதுக்குப் படிக்கணும்?" கேம் என்பது மெஷினுக்கான ப்ரோகிராமைத் தானே எழுதித் தரும் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்; ஜி76 என்பது சி.என்.சி. லேத்தில் மரை வெட்டச் சொல்லும் கட்டளை. நியாயமான கேள்விதான். போல்ட்டும் பம்பு செட் பைப் இணைப்புமாக நாள் முழுக்க மரை வெட்டுகிற இடத்தில் இதற்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டும்.

எம்20 (20 மி.மீ. விட்டம்) போல்ட், பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு மரைக்கு இடையே உள்ள தூரம்) 2.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஃபேனக் கன்ட்ரோலரில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) கையால் எழுதினால் மரைக்கு இரண்டே வரி:

ஜி76 பி010060 க்யூ50 ஆர்0.05
ஜி76 எக்ஸ்16.933 இசட்-40. பி1534 க்யூ400 எஃப்2.5

முதல் வரியின் பி-யில் உள்ள ஆறு இலக்கம் மூன்று செய்தி: கடைசியாக ஒரு ஃபினிஷ் பாஸ் (பாஸ் என்றால் டூல் ஒருமுறை வெட்டிப் போவது), முடிவில் சாய்வாக வெளியேற வேண்டாம், டூல் கோணம் 60. இரண்டாம் வரியின் பி1534 மரையின் ஆழம், மைக்ரானில் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிட்ச்சை 0.6134-ஆல் பெருக்கினால் வரும். இங்கே 1.534 என்று புள்ளி வைத்து எழுதினால் மெஷின் அலாரம் அடிக்கும். க்யூ400 என்றால் முதல் பாஸ் 0.4 மி.மீ. அடுத்தது 0.166, அதற்கடுத்தது 0.127. டூல் ஆழம் போகப் போக அதிக அகலத்தில் கடிக்கும் என்பதால் சுமை ஏறாதபடி கன்ட்ரோலரே குறைத்துக்கொண்டு போகிறது. மொத்தம் ஏறக்குறைய 15 பாஸ்.

இதையே கேமில் எடுத்தால் பெரும்பாலும் ஒவ்வொரு பாஸையும் தனித்தனியாகச் சொல்லும் ஜி32 வரிகளாக வரும். பாஸுக்கு நான்கு வரி வீதம் அறுபது வரி. மெஷின் அதையும் ஒழுங்காகத்தான் வெட்டும். மெஷின் முன்னால் நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். மரை அளவைச் சோதிக்கும் கோ கேஜ் ஏறவில்லையா, இரண்டிலுமே வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்த அளவு) சரிசெய்துவிடலாம். ஆனால் டூல் அதிர்ந்து மரையின் பக்கவாட்டில் கோடு விழுந்தால்? ஜி76-இல் க்யூ400-ஐ 300 ஆக்கினால் போதும். ஜி32 அறுபது வரியில் எதைத் தொடுவது? கம்ப்யூட்டருக்குப் போய் பாஸ் எண்ணிக்கையை மாற்றி, மறுபடி போஸ்ட் செய்து (மெஷினுக்கு ஏற்ற குறியீடாக மாற்றி) கொண்டுவர வேண்டும். ஷிஃப்ட் நேரத்தில் இது பெரிய இழுபறி.

கேமில் 'சைக்கிள்' தேர்வை வைத்து எடுத்தால் ஜி76 வரலாம், போஸ்ட்டைப் பொறுத்து ஜி92-ஆகவும் வரலாம். இதை ஒருதரம் திறந்து பார்க்காமல் ஓட்டக் கூடாது. ஜி92-உம் மரை வெட்டும் கட்டளைதான், ஆனால் நேராகக் கீழே இறங்கும். டூலின் இரண்டு பக்கமும் சேர்ந்து கடிக்கும். 1 மி.மீ. பிட்ச்சுக்குப் பரவாயில்லை. 2.5-க்கு மேல் அதிர்வு கேட்கும். ஒவ்வொரு பாஸின் எக்ஸ் அளவும் தனி வரியில் கண்ணுக்குத் தெரிவதால் கற்றுக்கொள்பவருக்கு நல்லது. அது வேறு விஷயம்.

கேம் கணக்குப் போட்டுத் தரும் என்று நம்பி ஆழத்தை யோசிக்காமல் விடுகிறார்கள். வெளி மரைக்கு 0.6134, உள் மரைக்கு 0.5413. நட்டுக்கு போல்ட்டின் ஆழத்தைக் கொடுத்தாலும் சாஃப்ட்வேர் மறுக்காது, அப்படியே வெட்டித் தரும்.

ஒரு பழைய தவறையும் சொல்லிவிடுகிறேன். பாதி வெட்டிய மரைக்கு ஃபினிஷ் நன்றாக வரட்டும் என்று 500 ஆர்.பி.எம்.-ஐ 800 ஆக்கி மறுபடி ஓட்டினேன். வெட்டியிருந்த தடத்தை டூல் பிடிக்கவில்லை; ஒரு பக்கத்து மரை முழுக்கச் சீவிப்போனது. வேகம் மாறினால் மரை தொடங்கும் இடமும் நகர்ந்துவிடும். ஜி97-இல் (ஆர்.பி.எம்.-ஐ மாறாமல் வைக்கும் கட்டளை) ஒரே வேகம், தொடக்கத்தில் குறைந்தது இரண்டு மூன்று பிட்ச் தள்ளி நிற்பது, இந்த இரண்டையும் எந்த சாஃப்ட்வேரில் எடுத்தாலும் நாம்தான் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் கேம் வேண்டாமா? வேண்டும். தோள், பள்ளம், டெயில் ஸ்டாக் எல்லாம் நெருங்கியிருக்கும் பாகத்தில் டூல் எங்கே இடிக்கும் என்று திரையிலேயே பார்த்துவிடலாம். மெஷின் மாறினாலும் அதுதான் கை கொடுக்கும். சீமென்ஸில் ஜி76 இப்படி வேலை செய்யாது, அங்கே சைக்கிள்97, சைக்கிள்99. போஸ்ட்டை மாற்றினால் கேம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

சாய்வு பைப் மரையில் நான் யோசிக்காமல் கேமைத்தான் திறப்பேன். வாழைத் தோட்டத்து பம்பு செட்டுக்கு வரும் இணைப்பில் சாய்வு விட்டத்தில் 16-க்கு 1. 20 மி.மீ. மரை என்றால் ஆரத்தில் 0.625 என்று பையன்கள் எழுதிவிடுவார்கள். டூலோ மரைக்கு 5 மி.மீ. முன்னால், இசட்5-இலிருந்து கிளம்புகிறது. மொத்தம் 25 மி.மீ., ஆகவே ப்ரோகிராமில் சாய்வைச் சொல்லும் ஆர் மதிப்பு ஆர்-0.781. இந்த 5 மி.மீ.-ஐ மறந்ததால் தூக்கிப் போட்ட இணைப்புகள் கொஞ்சமல்ல.

அதனால் எங்கள் பட்டறையில் முதல் மாதம் தாளும் பேனாவும் ஜி76-உம்தான். அப்புறம்தான் கம்ப்யூட்டர்.