பயாப்சி மறுஆய்வுச் சேவை: ஒரு விந்துநாண் கட்டியின் அனுபவம்

குடலிறக்கம் என்று கருதி அறுவை செய்தபோது எங்கள் பெரியப்பாவுக்குக் கவட்டையில் பெரிய கொழுப்புக் கட்டியொன்று வெளிப்பட்டது. உள்ளூர் ஆய்வகம் அதைச் சாதாரண லைப்போமா (புற்றல்லாத கொழுப்புக் கட்டி) என்றே எழுதிக் கொடுத்தது. எனினும் கட்டி விந்துநாணை (விரையிலிருந்து விந்துக்குழாயும் ரத்தக்குழாய்களும் கவட்டை வழியாக மேலே செல்லும் கற்றை) ஒட்டி வளர்ந்திருந்ததால், புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் மறுபடி பார்த்துவிடுவது நல்லது என்று அறுவை செய்த மருத்துவரே சொன்னார். அப்படி நாங்கள் நாடிய, சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையின் மறுஆய்வுப் பிரிவைப் பற்றியதே இந்த மதிப்புரை.

ஸ்லைடுகள் மட்டும் போதாது, புதிதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்க்க, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளும் வேண்டும் என்று கவுன்ட்டரிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். பிளாக்கின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த எண்ணைப் பழைய அறிக்கையோடு வாய்விட்டுப் படித்து ஒப்பிட்ட பிறகே ஊழியர் ரசீது போட்டார்.

லைப்போசார்கோமா, அதாவது கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோய் என்று முடிவு வந்தது. இவ்வகைக் கட்டி நுண்ணோக்கியில் ஏறக்குறைய இயல்பான கொழுப்பைப் போலவே தெரியும் என்பதால், எம்.டி.எம்.2 மரபணு பெருகியிருக்கிறதா என்று, மரபணுவை ஒளிரும் சாயத்தால் குறித்துப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையில் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். விரைப் புற்றுநோய்க்கு வழக்கமாக எடுக்கும் ஏ.எஃப்.பி. போன்ற ரத்தப் பரிசோதனைகள் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. பெரியவர்களுக்கு விந்துநாணில் வரும் சார்கோமாக்களில் (கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுகளில்) இதுவே அதிகம் என்றும், சிறுவர்களுக்கு வருவது பெரும்பாலும் கீமோதெரபி தேவைப்படும் ராப்டோமயோசார்கோமா (தசை வகைப் புற்று) என்றும் அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வெட்டிய விளிம்பு வரை புற்றுச்செல்கள் இருந்ததை அறிக்கை குறிப்பிட்டிருந்ததுதான் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. அதை வைத்தே, விரைப்பையைக் கீறாமல் கவட்டை வழியாக விரையையும் விந்துநாணையும் சேர்த்து அகற்றும் இரண்டாவது அறுவை முடிவானது. பழைய அறிக்கையில் விளிம்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

குறையும் உண்டு. ஃபிஷ் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. தொலைபேசியை எடுக்க ஆளில்லாததால், முடிவு வந்துவிட்டதா என்று அறியவே நேரில் அலைய வேண்டியிருந்தது.

பிளாக்குகளை அவர்களாகத் திருப்பித் தருவதில்லை. இந்தக் கட்டி பல ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் மீண்டும் வரக்கூடும்; அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பிளாக் தேவைப்படும் என்பதால், ரசீதைக் காட்டிக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.