லைவ் ஸ்ட்ரீமிங்குக்கு ஆள் பிடிக்கிறீர்களா? "ரெண்டு லைன் நெட்" என்பதை நம்பிவிடாதீர்கள்

எங்கள் நிறுவனத்தின் புதிய பொருள் அறிமுகத்தை யூடியூபில் நேரலையாகக் காட்ட ஒரு குழுவை அமர்த்தினோம். பாதிக்கு மேல் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். கேமரா, விளக்கு, மைக் எல்லாவற்றிலும் குறை சொல்ல முடியாது. கோட்டை விட்டது நெட்டில்.

கொட்டேஷனில் "இரண்டு தனித்தனி இணைய இணைப்பு, பாண்டிங் வசதியுடன்" என்று ஒரு வரி. அதற்குத் தனிக் கட்டணம். பல இணைப்புகளைச் சேர்த்து, ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும்படி செய்வதுதான் பாண்டிங். வந்திறங்கியதோ இரண்டு போன் ஹாட்ஸ்பாட், இரண்டிலும் ஒரே நெட்வொர்க்கின் சிம். ஒரே டவரை நம்பியிருக்கும் இரண்டு சிம்மில் எது எதற்குப் பேக்கப்? கூட்டம் சேரச் சேர வந்தவர்களின் போன்களும் அந்த டவரைத்தான் பங்கு போடும். காலியாக இருந்த அரங்கில் காலையிலேயே ஸ்பீடு டெஸ்ட் எடுத்து "சூப்பரா இருக்கு சார்" என்று காட்டினார்கள். காட்டியது டவுன்லோடு எண்ணை; நேரலைக்கு வேண்டியது அப்லோடு.

நிகழ்ச்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் படம் திக்குகிறது என்று போன் வர ஆரம்பித்தது. ஆபரேட்டருக்குப் பின்னால் போய் நின்றேன். நேரலையை யூடியூபுக்கு அனுப்பும் மென்பொருள் ஓபிஎஸ். அதன் திரையின் அடியில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும், ஒழுங்காகப் போனால் பச்சை. அது மஞ்சளாகி, சிவப்பாகி, விடுபட்ட ஃப்ரேம்களின் சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது. நெட் திணறும்போது பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் டேட்டா அளவை, தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதி ஓபிஎஸ்ஸிலேயே உண்டு. படம் மங்கும், ஆனால் ஓடும். அதை இயக்கியிருக்கவில்லை. "அது அப்படித்தான் சார் காட்டும்" என்று அந்த விண்டோவைச் சுருக்கிவிட்டார்!

கடைசியில் தொடர்பு அறுந்தது. வீடியோ வருவது நின்றால் நேரலையைத் தானாக முடிக்கும் ஆட்டோ ஸ்டாப்பைப் போட்டு வைத்திருந்ததால் யூடியூப் அந்த நேரலையையே முடித்துவிட்டது. புது லிங்க்கில் மறுபடி தொடங்கினார்கள். வாடிக்கையாளர்களிடம் இருந்ததோ பழைய லிங்க். சரி, கணினியிலாவது முழு ரெக்கார்டிங் இருக்கும் என்று கேட்டால், அந்தப் பட்டனை யாரும் அழுத்தவே இல்லை.

இதற்கு மேல்தான் எரிச்சலே. புகார் சொன்னபோது, "வியூஸ் பாருங்க சார், செமையா போயிருக்கு" என்றார்கள். சேனல் எங்களுடையது என்பதால் அனலிடிக்ஸைத் திறந்து பார்த்தோம். எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியிருக்கிறது, சராசரியாகப் பார்த்த நேரமோ சில விநாடிகள், சாட்டில் ஈ காக்கை இல்லை. காசு கொடுத்து வாங்கிய வியூஸ். யூடியூப் விதிப்படி அது குற்றம், மாட்டினால் அடி விழுவது எங்கள் சேனலுக்கு.

ஆகவே, பேசி முடிக்கும் முன் பாண்டிங் கருவியைக் கண்ணால் பாருங்கள். சிம் வெவ்வேறு நெட்வொர்க்காக இருக்கட்டும். அரங்கில் வயர் இணைப்பு கிடைத்தால் அதற்கே முதலிடம். உங்கள் சேனலில்தான் ஓட வேண்டும், ரெக்கார்டிங் தனியாக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்ட்ரீம் கீயை, அதாவது நேரலைக்காக அவர்களிடம் கொடுத்த ரகசியக் குறியீட்டை, மாற்றிவிடுங்கள், அது கையில் இருக்கும் எவரும் உங்கள் சேனலில் லைவ் போகலாம்.

மீதிப் பணம் கேட்டு இன்னும் போன் வருகிறது. அன்றைக்குப் பயன்படுத்திய பாண்டிங் கருவியின் போட்டோவை அனுப்புங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.