பெரிய இடத்துக் காதலும் ஜெபமும் சிரிப்பும்: என் ஒன்பது வருட வாசிப்பு

அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த மாதங்களில்தான் பழைய காலத்துப் பெரிய இடத்துக் குடும்பங்களில் நடக்கும், விசுவாசமும் சிரிப்பும் கலந்த ஆங்கிலக் காதல் கதைகள் என் கைக்கு வந்தன. இரவெல்லாம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கனமான எதையும் படிக்க மனசு ஒப்பவில்லை. பாட்டுக்குழுவில் என்னோடு பாடும் அக்கா ஒருவர் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்றைக் கொடுத்தார். விடியற்காலை நாலு மணிக்கு நான் வாய்விட்டுச் சிரித்த சத்தத்தில் அம்மா விழித்துக்கொண்டாள். "ஏட்டி, தனியா என்னத்துக்குச் சிரிக்க?" என்றாள். கதையைச் சொன்னேன். வலியை மறந்து அவளும் சிரித்தாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம், இன்றைக்கு ஒன்பது வருடம்.

இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கின்றன. ஒன்று, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயில் கிடக்க, மகன் அரசப் பிரதிநிதியாக ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான லண்டன்; இதை ரீஜென்சி காலம் என்பார்கள். மற்றொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்பாதையாலும் நிலத்தாலும் பணம் குவிந்த நியூயார்க். காதல் முத்தத்தோடு நின்றுகொள்ளும். நாயகனோ நாயகியோ தேவனோடு ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும். முடிவில் கல்யாணம். அட்டையில் 'சுத்தமான காதல்' என்று போட்டிருப்பதெல்லாம் இந்த வகை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அவற்றில் ஆபாசம் இருக்காது, ஆனால் விசுவாசமும் இருக்காது.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது? அந்தச் சமூகத்தின் சட்டதிட்டங்களிலிருந்து. லண்டன் கிங் தெருவில் ஆல்மாக்ஸ் என்று ஒரு நடன அரங்கம் இருந்தது. புதன்கிழமை இரவுகளில் நடனம். யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சீமாட்டிகள். அவர்கள் கையால் நுழைவுச் சீட்டு வாங்கப் பட்டம் பெற்ற குடும்பங்களே தவம் கிடந்தன. 1814-இல், மன்னரின் காலாட்காவல் படையில் இருந்த முந்நூறு அதிகாரிகளில் ஆறு பேருக்கு மேல் சீட்டு கிடைக்கவில்லை என்று அந்தப் படையைச் சேர்ந்த ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். இத்தனை பாடுபட்டு உள்ளே போனால் கிடைத்தது மெல்லிய ரொட்டித் துண்டு, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, தேநீர். இரவு பதினொன்றுக்குக் கதவடைப்பு. இந்த விவரங்களை வைத்தே ஒரு நல்ல எழுத்தாளர் முப்பது பக்கம் நம்மைச் சிரிக்க வைத்துவிடுவார். கிராமத்துப் போதகரின் மகள் ஒருத்தி பசியோடு அங்கே போய்ச் சேர்ந்தால் போதும், மீதியைக் கதையே பார்த்துக்கொள்ளும்.

நாலைந்து வருடம் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கதைகளில் வரும் விருந்துகளில் சாப்பாட்டு அறைக்குள் போவதற்கே வரிசை உண்டு. டியூக்கின் மனைவி முன்னால், ஏர்லின் மனைவி பின்னால், பட்டம் இல்லாதவர்கள் கடைசியில். அந்த வரிசை குழம்பும் இடத்தில்தான் பெரிய சிரிப்பே வெடிக்கும். ஒருநாள் ஆலயத்தில் லூக்கா 14-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். விருந்தில் முதன்மையான இடத்தைத் தேடி உட்கார்ந்தவன் எழுப்பப்பட்டு, வெட்கத்தோடு கடைசி இடத்துக்குப் போகிற பகுதி. நான் ராத்திரி படித்துச் சிரித்த காட்சி அப்படியே அங்கே இருந்தது! நகைச்சுவையையும் பக்தியையும் இந்த எழுத்தாளர்கள் ஒட்டவைக்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். நல்ல கதைகளில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பெருமை தடுக்கி விழுகிறது, நாம் சிரிக்கிறோம். விழுந்தவளை ஒருவர் கைகொடுத்துத் தூக்கும்போது கண் கலங்குகிறோம்.

நியூயார்க் கதைகளில் இது இன்னும் கூர்மை. அங்கே பிராட்வேயில் கிரேஸ் சர்ச் என்று ஒரு ஆலயம், 1846-இல் பிரதிஷ்டை ஆனது. பெரிய இடத்துக் குடும்பங்கள் தங்கள் இருக்கைகளைக் காசு கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஆலயத்தின் கோயில்பிள்ளை, அதாவது ஆலயப் பணியாளர், ஐசக் பிரவுன் என்பவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக் கவனித்துக்கொண்டதோடு, ஊர்ப் பணக்காரர்களின் கல்யாணம், சாவு, நடன விருந்து எல்லாவற்றுக்கும் ஏற்பாட்டாளராக இருந்தார். நடனத்துக்கு இளைஞர்கள் போதவில்லை என்றால் ஆள் அனுப்புவதும் அவர்தான். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை கட்டியவனுக்குக் கால்மாட்டில் இடம் என்று வேதாகமத்தில் யாக்கோபு கண்டித்தாரே, அந்த நிருபம் வாசிக்கப்பட்ட ஆலயத்திலேயே இது நடந்தது. பழைய பணமும் புதுப் பணமும் மோதிக்கொண்டதற்கு 1883-இல் திறந்த மெட்ரோபாலிடன் ஆப்பெரா என்ற இசைநாடக அரங்கமே சாட்சி. பழைய அரங்கத்தில் தங்களுக்குத் தனி இருக்கைப் பெட்டி கிடைக்காத புதுப் பணக்காரர்கள் சேர்ந்து கட்டியது அது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு எழுதும் எழுத்தாளரைப் படிப்பது ஒரு சுகம்.

ஏமாற்றங்களும் உண்டு. சிலர் இருநூறு பக்கம் நன்றாகச் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் பாட்டி ஒருத்தியைக் கூட்டிவந்து நாலு பக்கம் பிரசங்கம் செய்ய வைப்பார்கள். நாயகன் உடனே மனந்திரும்பிவிடுவான். விசுவாசம் அப்படி வருவதில்லை என்பது ஜெபிக்கிற எவருக்கும் தெரியும். இன்னும் சிலர் ரீஜென்சி காலக் கல்யாணத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில், மாலை ஏழு மணிக்கு ஆலயத்தில் நடத்திவிடுவார்கள். 1886 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் கல்யாணம் காலை 8 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். அதை மீற கேன்டர்பரி பேராயரின் விசேஷ அனுமதி தேவை.

இவற்றையாவது மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பால் அந்த மாளிகைகளில் பல எழும்பின. அடிமை வியாபாரத்தை பிரிட்டன் 1807-இல் சட்டத்தால் நிறுத்தியதற்குப் பின்னால் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் போன்ற விசுவாசிகளின் இருபது வருடப் போராட்டம் இருந்தது. அதற்கு முன்பே, 1791-இல், எத்தனையோ சாதாரணக் குடும்பங்கள் தேநீரில் சர்க்கரை போடுவதை நிறுத்தின. கிறிஸ்தவக் கதை என்று சொல்லிவிட்டு, அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரிகூடக் கேட்காத நாவலை இப்போதெல்லாம் என்னால் முடிக்க முடிவதில்லை. கேட்கிற நாவல்களும் இருக்கின்றன. சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைக்கும் ஒரு பெண்ணால் மேசையே அமைதியாகிவிடும். சிரிப்புக்கு நடுவே வரும் அந்த அமைதிக்காகவே சிலவற்றை மூன்று முறை படித்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: வரிசை நாவல் என்றால் முதல் பாகத்திலிருந்து படியுங்கள். இரண்டாம் பாகத்தில் முதல் ஜோடி குழந்தையோடு வந்து நிற்கும், சுவாரசியம் போய்விடும். அச்சுப் பிரதி இங்கே விலை அதிகம். கிண்டிலில் முதல் பாகத்தின் விலையை அவ்வப்போது குறைக்கிறார்கள், காத்திருந்து வாங்கலாம். வார்த்தையைத் தொட்டால் அர்த்தம் வருவதும் வசதி, வண்டிகளுக்கே அவர்களிடம் பத்துப் பெயர்கள் இருக்கின்றன.

நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பல இடங்கள் அந்நியமாகவே தெரியாது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. யாராவது எழுந்து தடை சொல்லிவிடுவார்களோ என்று நாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அம்மா எழுந்து நடக்கத் தொடங்கி வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் ராத்திரி ஜெபம் முடிந்ததும் கதை கேட்கிறாள். இப்போது ஓடிக்கொண்டிருப்பது, சம்பளம் போதாத உதவிக்குரு ஒருவரும் (அம்மாவுக்குக் குருவானவர் என்றாலே 'ஐயர்'தான்) சீமாட்டியின் பேத்தியும். நேற்று விளக்கை அணைத்த பிறகு இருட்டில் அவள் குரல் வந்தது: "அந்த ஐயருக்குச் சொந்தமா ஒரு சபை கெடைச்சிட்டா?" இன்னும் அறுபது பக்கம் இருக்கிறதம்மா என்றேன்.