திருவொற்றியூரில் ஸ்வீடன் அக்காவின் ஏலக்காய் பன்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து நடக்கிற தூரத்தில், போர்டு எதுவும் இல்லாத ஒரு வீட்டில், சனிக்கிழமை காலையில் மட்டும் இந்த பன் கிடைக்கிறது. வடசென்னையில் நான் சாப்பிட்ட பன்களில் இதற்குத்தான் முதல் இடம். செய்கிறவர் ஸ்வீடனில் கோதன்பர்க் துறைமுகத்தில் பிறந்தவர். எங்கள் பக்கத்துக் கப்பல் இன்ஜினியர் ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து, மாமியாரிடம் தமிழ் கற்று, இங்கேயே பிள்ளைகளை வளர்த்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் ஸ்வீடன் அக்கா.

எங்கள் ஏரியாவுக்கு ஸ்வீடன் ஒன்றும் புதிதில்லை. மெட்ரோ போய் நிற்கும் விம்கோ நகரின் பெயரே தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்தது. 1923-இல் ஸ்வீடன்காரர்கள் இந்தியாவில் தொடங்கிய கம்பெனி அது, 2005-இல்தான் ஐ.டி.சி. கைக்குப் போனது. என் அப்பா அங்கே வேலை பார்த்தவர். அவரை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். தீப்பெட்டிக்குப் பேர்போன யோன்ஷோப்பிங் தன் ஊரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான் என்று அக்கா சொன்னதும், அப்பாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. மிஷின், மெழுகு, மருந்து என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் பன்னைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

பன்னுக்கு வருகிறேன். நாம் பாயசத்தில் இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிட்டு வாசனை தூக்குகிறது என்போம். இவர் ஒரு கிலோ மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி விதை போடுகிறார். தோலை நீக்கி, கருப்பு விதையை மட்டும் சின்ன கல்லுரலில் ஒன்றிரண்டாக இடிக்கிறார். நைசாகப் பொடித்தால் வாசனை சீக்கிரம் போய்விடுமாம். அதனால் கடிக்கும்போது துணுக்குத் துணுக்காகப் பல்லில் படுகிறது. மாவைத் தேய்த்து, வெண்ணெயும் சர்க்கரையும் ஏலக்காயும் தடவி, மடித்து, பட்டை பட்டையாக வெட்டுகிறார். ஒவ்வொரு பட்டையையும் முறுக்கி இரண்டு விரலில் சுற்றி முடிச்சுப் போடும் வேகம் பூக்கட்டுகிறவர்களின் கை வேகம். அவர்கள் ஊரில் மேலே தூவுவது அடுப்பில் உருகாத ஒரு வெள்ளைச் சர்க்கரை மணி. இங்கே அதற்குப் பதில் கற்கண்டை நொறுக்கித் தூவுகிறார். எனக்கு இதுவே பிடிக்கிறது.

சென்னை வெயிலில் ஈஸ்ட் மாவைச் சமாளிப்பது லேசில்லை. ஸ்வீடனில் பாலை வெதுவெதுப்பாக்கி ஊற்றிப் பிசைவார்கள். இங்கே சித்திரை வைகாசியில் ஃபிரிட்ஜில் வைத்த பாலை ஊற்றுகிறார். அப்படியும் மாவு சட்டென்று பொங்கிவிடும், தடவின வெண்ணெய் வழியும். அதனால் விடிவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறார். ஏலக்காய் போடிநாயக்கனூரிலிருந்து வருகிறது. 1850-க்கும் 1930-க்கும் நடுவில் சுமார் 13 லட்சம் ஸ்வீடன்காரர்கள் பிழைப்புக்காக வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்; அக்காவின் கொள்ளுப்பாட்டியின் தங்கையும் அதில் ஒருத்தி. "அவங்க ஏலக்காயைப் பொட்டலம் கட்டிக்கினு போனாங்க. நான் அது விளையற ஊருக்கே வந்துட்டேன்மா" என்றார்.

இனிப்பு நம் நாக்குக்குக் கொஞ்சம் மட்டுதான். கூட்டச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு, அவர் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம். பிறந்த வீட்டுக் கைமணத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்து காப்பாற்றுகிறவரிடம் போய் லட்டு மாதிரி வேண்டும் என்று நிற்கக் கூடாது.

அடுத்தது க்னெக்கெப்ரெட். அப்பளம்போல மெலிந்து, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும் மொறுமொறு ரொட்டி. அந்தக் காலத்தில் கம்பில் கோத்துக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்களாம், அதற்குத்தான் ஓட்டை. தேய்க்கும் கட்டை முழுக்க முண்டு முண்டாகப் புடைத்திருக்கிறது. அது அவர் பாட்டியுடையது, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. ரை என்கிற குளிர்நாட்டுத் தானிய மாவு கிடைத்தால் ரை, கிடைக்காதபோது கம்பு மாவு. கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள், ரை ரொட்டி தேவைப்படாது. ஒரு குறை, கடற்காற்றில் ஒரே நாளில் நமுத்துவிடும். வாங்கினதும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள்.

மீன் எல்லாருக்கும் ஒத்துவராது. அவர்கள் ஊரில் ஹெர்ரிங் மீனை ஒரு பங்கு காடி, இரண்டு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் ஊறவைப்பார்கள். இவர் காசிமேட்டில் கவலை மீன் வாங்கி, உப்பில் போட்டு முள் நீக்கி, வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலையோடு அதே கணக்கில் ஊறவைக்கிறார். சமைக்காத மீன் இனித்தால் எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் தொடவே இல்லை. நான் வேகவைத்த உருளைக்கிழங்கோடு சாப்பிட்டேன். முதல் வாய் ஒரு மாதிரிதான். அப்புறம் பாட்டிலைக் காலி செய்தேன். ஆனால் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வைக்கவே கூடாது.

டிசம்பர் 13-ஐ மட்டும் தவறவிடாதீர்கள். அன்று அவர்களுக்கு லூசியா திருநாள். குங்குமப்பூ போட்டு, எஸ் எழுத்துபோலச் சுருட்டி, இரண்டு சுழியிலும் ஒவ்வொரு திராட்சை வைத்த மஞ்சள் பன் செய்கிறார். அவர் மகள் வெள்ளை உடையில், தலையில் பேட்டரி மெழுகுவத்தி கிரீடம் வைத்து முன்னால் வர, தெருப் பிள்ளைகள் பாடிக்கொண்டே பின்னால் வந்தார்கள். ஸ்வீடிஷ் வரிகளை அக்கா தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வார்த்தை பிசகாமல் பாடினான். மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் பன் எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்து மாமியார் மருமகளின் பண்டிகையைத் தன் பண்டிகையாக நடத்தியதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஏலக்காய் பன் ஒன்று 70 ரூபாய், ஆறு வாங்கினால் 400. எங்கள் பக்கத்தில் இது கூடுதல்தான். உள்ளே போகிற வெண்ணெயையும் ஏலக்காய் விலையையும் கணக்குப் போட்டால் நியாயமான விலை. வியாழக்கிழமைக்குள் சொல்லிவைக்க வேண்டும், டோர் டெலிவரி கிடையாது. காலை 7 மணிக்கே போய்விடுங்கள். ஒன்பதுக்குப் போனால் ரொட்டிதான் மிஞ்சியிருக்கும். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட நான்கு ஸ்டூல் இருக்கிறது. பால் ஊற்றாத ஃபில்டர் காபி தருவார், பால் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.