முகம் அமெரிக்கா, எஞ்சின் இத்தாலி: நைட்ரோவா, ராங்ளரா?

2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் காரைப் பதிவு செய்ய முடியாது. ஆகவே முரட்டு முகமும் பெட்டி உடம்பும் கொண்ட அமெரிக்க டீசல் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் பழைய வண்டிகளைத்தான் தேட வேண்டும். அந்த ஆசைக்காரர்கள் எடைபோட்டுப் பார்க்கத் தகுந்தவை இரண்டு: டாட்ஜ் நைட்ரோ 2.8, நான்கு கதவு ஜீப் ராங்ளர் 2.8.

இரண்டின் மூடியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது ஒரே குடும்பத்து எஞ்சின். இத்தாலியின் செந்தோ நகரைச் சேர்ந்த விஎம் மோட்டோரி நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் டர்போ டீசல் அது. நைட்ரோவில் 177 குதிரைத்திறன், 2011க்குப் பிந்தைய ராங்ளரில் 200. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் முறுக்குவிசை இரண்டுக்கும் 460 நியூட்டன் மீட்டர்தான். எனவே எஞ்சினை வைத்து வாதாடுவதில் பயனில்லை. மற்றதைத்தான் பார்க்க வேண்டும்.

நைட்ரோவின் பலம் அதன் முகம். குறுக்குக் கம்பி போட்ட பெரிய முன்கிரில், புடைத்த சக்கர வளைவுகள், நிமிர்ந்த மூக்கு. பின்னால் வந்தால் முன்னால் போகிறவர் தானாக ஒதுங்குவார். கதவைத் திறந்ததும் அந்த மிடுக்கு பாதி வடிந்துவிடுகிறது. தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் கடின பிளாஸ்டிக்தான் எங்கும். ஒன்றை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும்: சில வண்டிகளில் பின்பக்கத் தளத்தை இழுப்பறை போல ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வெளியே இழுக்கலாம், 180 கிலோ வரை தாங்கும். தேக்காவில் வாங்கிய அரிசி மூட்டைகளைக் குனியாமல் ஏற்றி இறக்கலாம்.

ராங்ளரில் இப்படிப்பட்ட சொகுசு கிடையாது. ஏணிச் சட்டகம், முன்னும் பின்னும் ஒற்றை அச்சுத் தண்டு, கழற்றக்கூடிய கதவுகள் என்று அனைத்தும் சேற்றுக்கும் பாறைக்கும் செய்தவை. தார்ச்சாலையில் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டியரிங் நடுவில் சற்றே அலைபாயும், காற்றிரைச்சல் காதைத் துளைக்கும், பின்னிருக்கையின் சாய்வு போதாது. சேலை கட்டிய அம்மாவை ஏற்றிப் பாருங்கள். பக்கவாட்டுப் படி இல்லாவிட்டால் ஒரு கையால் கொசுவத்தையும் மறுகையால் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படி பொருத்திய வண்டியாகவே பாருங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் ஒரு கட்டம் பொதுவாக 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். நான்கு கதவு ராங்ளரின் நீளம் 4.75 மீட்டர். பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரம் சுவரை உரசும் தூரத்தில் நிற்கும். அந்தக் கதவு பக்கவாட்டில் திறப்பது என்பதையும் மறந்துவிடாதீர்கள். நைட்ரோ 4.58 மீட்டர், நிம்மதியாக நுழையும்.

வரிக்கு வருவோம். டீசல் காருக்குச் சாலை வரியோடு சிறப்பு வரியும் உண்டு. அது பழைய புகை வரம்பான யூரோ 4 வண்டிக்கு, அதற்குப் பின்வந்த யூரோ 5 வண்டியைவிட அதிகம். நைட்ரோ முதல் வகை. போதாக்குறைக்குப் பத்து வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி ஆண்டுதோறும் கூடி, கடைசியில் 50 விழுக்காடு மிகையாகிறது. நைட்ரோக்கள் எல்லாம் அந்த வயதைக் கடந்தவை. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) என்றால் மறுபடி புதுப்பிக்கவும் வழியில்லை. உற்பத்தியும் எப்போதோ நின்றுவிட்டது. எஞ்சின் பாகங்களை அதே காலத்து ஜீப் செரோக்கியிலிருந்து எடுத்துச் சமாளிக்கலாம். முன்விளக்கோ மட்கார்டோ உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

"டீசல் எதற்கு, புதிய பெட்ரோல் ராங்ளர் வாங்கலாமே" என்பார்கள். வாங்கலாம். 2.0 லிட்டர் டர்போ, எட்டு கியர், அமைதியான ஓட்டம். ஆனால் பெரிய எஞ்சின் கார்களுக்கான பி பிரிவு சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டி நிற்கும் காலம் இது. அதன்மேல் பதிவுக் கட்டணம், மாசுக்கான கூடுதல் கட்டணம் வேறு. பணம் இருப்பவருக்கு அதுவே சரியான வண்டி, அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

என் தீர்ப்பு ஓட்டும் பாதையைப் பொறுத்தது. டீசல் புகைக்கரி வடிகட்டி சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். நம் தீவுவிரைவுச்சாலையே 42.8 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது, அதிலும் வேக வரம்பு 90. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து சிராங்கூன் சாலை, பிறகு வீடு என்று ஓட்டுபவருக்கு வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் இரண்டு டீசலையும் விட்டுவிடலாம். மாதம் ஒருமுறையாவது கடற்பாலம் தாண்டி ஈப்போ, பினாங்கு, கேமரன் மலை என்று போகிற குடும்பத்துக்கு ராங்ளர். மலையேற்றத்தில் அந்த 460 நியூட்டன் மீட்டர் தன் வேலையைக் காட்டும். நைட்ரோ முகத்துக்காக மட்டும் வாங்கும் வண்டி. அதன் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் தொடமாட்டேன்.

எதை வாங்கினாலும் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இந்த எஞ்சினில் இருப்பது சங்கிலி அல்ல, பெல்ட். அது அறுந்தால் வால்வுகளையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். ரசீது இல்லை என்றால், பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.