அலாஸ்கா கப்பலில் பால்கனி: பின்பக்கமா, நடுவிலா, மூலையிலா?

அலாஸ்காவுக்குக் கப்பலில் போக நினைப்பவர்கள் எந்தக் கப்பல், எந்த மாதம் என்று வாரக்கணக்கில் மண்டையைக் குழப்பிக்கொள்வார்கள். கப்பலில் அறை எந்த இடத்தில் என்ற கேள்வி வரும்போது களைத்துப்போய் காலியாக இருப்பதில் ஒன்றைத் தட்டிவிடுவார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறினோம், நடுக்கப்பலில் பக்கவாட்டு பால்கனி வாய்த்தது, கூட அம்மா. இரண்டாம் தடவை கனடாவின் வான்கூவரிலிருந்து. அப்போது தெரிந்தேதான் கப்பலின் பின்சுவரில், கடலைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும் பால்கனியை எடுத்தேன்.

கட்டுமரக்காரர்கள் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் சொல்வார்கள். நான் எடுத்தது அமரத்து அறை. ஒரு டெக்கில், அதாவது கப்பலின் ஒரு தளத்தில், இப்படிப்பட்ட அறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கவாட்டு அறைகளோ வரிசையாக ஒரு தெருவே இருக்கும். பின்பக்கத்துக்கு விலை ஏறுவதற்கும், முன்கூட்டியே தீர்ந்துபோவதற்கும் முதல் காரணம் அதுதான்.

எனக்குப் பெரிய வித்தியாசமாகப் பட்டது காற்று. கப்பல் மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது பக்கவாட்டு பால்கனி வழியாக அதே வேகத்தில் காற்று அடிக்கும். கரீபியனில் அது சுகம். ஜூன் மாதத்திலும் பகலில் பத்துப் பதினைந்து டிகிரிதான் இருக்கும் அலாஸ்காவில் அது தண்டனை. முதல் பயணத்தில் ஐந்து நிமிடம் நிற்பது, உள்ளே ஓடுவது, கையைத் தேய்ப்பது என்றே பொழுது போனது. பின்பக்கத்தில் கப்பலின் மொத்த உடம்பும் எதிர்க்காற்றுக்குச் சுவர். கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார முடிந்தது. பால்கனிக்குக் காசு கொடுப்பதே உட்காரத்தானே.

அடுத்தது திசை. இன்சைட் பாசேஜ் என்கிற அந்தத் தீவுகளுக்கு நடுவிலான நீர்வழி ஏறக்குறைய தென்கிழக்கிலிருந்து வடமேற்காகப் போகிறது. போகும்போது பின்பால்கனி தென்கிழக்கைப் பார்க்கும், காலை வெயில் கிடைக்கும். திரும்பும்போது வடமேற்கைப் பார்க்கும். ஜூன் மாதம் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ பக்கம் இரவு பத்து மணி வாக்கில் சூரியன் விழுவதும் அதே வடமேற்கில்தான். மேகம் விட்டுவைத்தால் அஸ்தமனம் கப்பல் விட்டுச்செல்லும் நுரைத்தடத்தின் மேலேயே நடக்கும். இடப்பக்கமா வலப்பக்கமா என்ற வழக்கமான குழப்பமும் இதில் கிடையாது. இரண்டு கரையும் கொஞ்சம் கொஞ்சம் கண்ணில் படும்.

ஆனால் முன்னால் வருவது எதுவும் தெரியாது. இது சின்னக் குறை இல்லை. திமிங்கிலம் என்று அறிவிப்பு வந்தால் பக்கவாட்டு அறைக்காரருக்கு லாட்டரி: அவர் பக்கமாக இருந்தால் அதிர்ஷ்டம், மறுபக்கமென்றால் ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். கப்பல் கடந்தபின் அது மறுபடி மூச்சுவிட மேலே வந்தால் எந்தப் பக்கத்துத் திமிங்கிலமானாலும் நம் பார்வைக்குள் வந்துசேரும், கொஞ்சம் தூரமாக.

கிளேசியர் பே தேசியப் பூங்காவிலும் இதே கதைதான். 1794இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் குழு போனபோது இந்த விரிகுடா அநேகமாக முழுக்கப் பனியாக இருந்தது. இன்று கப்பல்கள் நூறு கிலோமீட்டர் உள்ளே போய்தான் மார்ஜரி பனியாற்றின் முன் நிற்கின்றன. பூங்கா நிர்வாகம் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களைத்தான் விடுகிறது. மார்ஜரி ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள பனிச்சுவர். அங்கே கேப்டன் கப்பலை மெதுவாகச் சுற்றித் திருப்புவார், இரண்டு பக்கத்தாரும் பார்க்கட்டும் என்று. பக்கவாட்டு பால்கனிக்கு நேர் எதிரே நல்ல நேரம் நிற்கும். பின்பால்கனிக்கு அந்தச் சுற்றில் கிடைப்பது குறைவு. நெருங்கும்போது மேல்டெக்குக்கு ஓடத்தான் வேண்டும். ஆனால் கப்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பியதும் எல்லோரும் சூப் குடிக்கப் போய்விடுவார்கள், பனியாறு நமக்கு மட்டும் நேர் எதிரே நின்று சிறுத்துக்கொண்டே போகும்.

நான் போட்ட கணக்கு இது: முன்காட்சி எல்லோருக்கும் இலவசம். நார்வீஜியன் பிளிஸ் கப்பலில் முன்பக்கம் கண்ணாடி போட்ட பெரிய அப்சர்வேஷன் லவுஞ்ச் இருக்கிறது, ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களில் அதே மாதிரி க்ரோஸ் நெஸ்ட். காபியோடு போய் உட்காரலாம். காற்றில்லாத, யாருமில்லாத வெளியிடம் மட்டும் பொதுவில் கிடைக்காது.

சரி, ஆட்டம். கப்பல் சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஏறி இறங்கும். நடுவில் இருப்பவருக்கு அசைவு குறைவு, இரு முனைகளிலும் அதிகம். பக்கவாட்டில் சாய்கிற ஆட்டம் மட்டும் நீளவாக்கில் எங்கே இருந்தாலும் ஒன்றுதான், மேலே போகப் போகக் கூடும். முதல் பயணத்தில் இரண்டாம் நாள் காலை அம்மா, "ஏன்டா, கப்பல் ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டார். நடுக்கப்பலுக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டாம். இத்தனைக்கும் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளியே, திறந்த பசிபிக்கில் போகின்றன. வான்கூவரில் கிளம்புபவை தீவுக்கு உள்பக்கமாக, லயன்ஸ் கேட் பாலத்துக்கு அடியில் நுழைந்து போகும். குவீன் சார்லட் சவுண்ட் என்கிற கடற்பகுதியில் சில மணி நேரம் திறந்த கடல், மற்றபடி பெரும்பாலும் ஏரி போலத்தான். பின்பக்க அறையின் ஆட்டம் கிளம்பும் ஊரைப் பொறுத்தது என்பது இதனால்தான்: வான்கூவர் என்றால் பயமில்லை, சியாட்டில் என்றால் வயிற்றைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். (சியாட்டில் கப்பல்கள் இடையில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்பது நம்மை மகிழ்விக்க மட்டுமில்லை. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி அங்கேயே இறக்குவதென்றால் நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும் என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.)

அதிர்வு வேறு விஷயம். இப்போது பல கப்பல்களில் ப்ரொப்பல்லரும் அதன் மின்மோட்டாரும் ஒரே கூட்டில் பின்பக்க அடியில் தொங்குகின்றன, முழு வட்டமாகத் திரும்பும். ஓடும்போது மெல்லிய உறுமல்தான். துறைமுகத்தில் ஒட்டும்போது அது இப்படியும் அப்படியும் திருப்பித் தள்ளும், மேசையில் வைத்த டம்ளர் கிணுகிணுக்கும். ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் என்று அடுத்தடுத்த விடியலில் அலாரமே வைக்கவில்லை நாங்கள். கீழ் டெக்குகளில் இன்னும் கூடுதல்.

அப்புறம் கரி. புகைபோக்கி பின்பக்கமாக இருக்கும் கப்பலில், காற்று சரியில்லாத நாளில், மேசையிலும் கைப்பிடியிலும் கறுப்புப் பொட்டுப் பொட்டாக விழும். என் வெளிர்நிற ஸ்வெட்டர் ஒன்று அப்படித்தான் வீணானது. சொல்லியபோது துடைத்துவிட்டார்கள், மறுநாள் மறுபடி விழுந்தது.

நடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முந்நூறு மீட்டர் கப்பலில் நாடக அரங்கு பெரும்பாலும் முன்னால், நாம் பின்னால். முட்டிவலி உள்ளவர்களுக்கு நடுக்கப்பல், லிஃப்ட் பக்கத்தில்.

மூலை அறைகளைப் பார்ப்போம். பின்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து வளைந்து ஓடும் பால்கனி. படத்தில் பார்த்தால் இதுதான் மகாராஜா. பின்காட்சியும் கிடைக்கும், ஒரு பக்கத்துக் கரையும் கிடைக்கும். பெரும்பாலும் சூட் என்று பெயர் வைத்து விலையையும் மகாராஜாவுக்குப் போடுவார்கள். பக்கவாட்டுத் துண்டில் பழைய காற்றுதான் அடிக்கும். நாலைந்து பேர் கொண்ட குடும்பம் என்றால் யோசிக்கலாம். இருவருக்கு நேர்ப் பின்பக்கமே போதும் என்பது என் கட்சி.

கப்பலைப் பொறுத்துத் தராசு சாயும் இடமும் உண்டு. 2018இல் வந்த செலிப்ரிட்டி எட்ஜில் பக்கவாட்டு அறைகள் பலவற்றில் தனி பால்கனியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் பெரிய ஜன்னலின் மேல்பாதி கீழே இறங்கும், அவ்வளவுதான். அதே கப்பலில் பின்பக்கத்து சன்செட் வராண்டா அறைகளுக்கு அசல் பால்கனி உண்டு. அங்கே நான் இரண்டாம் யோசனை செய்ய மாட்டேன்.

பின்பக்கம் என்று முடிவானால் டெக் வரைபடத்தைத் திறந்து மேலும் கீழும் பாருங்கள். பஃபே உணவகத்தின் திறந்தவெளி இருக்கைகள் பல கப்பல்களில் பின்முனையில்தான் இருக்கும். அதற்கு நேர் கீழ் அறை என்றால் காலை ஆறு மணிக்கே நாற்காலி இழுக்கும் சத்தம். படிக்கட்டு போலக் கட்டிய பின்சுவர் என்றால் கீழ்டெக் பால்கனி அகலமாக இருக்கும், மேலே இருப்பவர்கள் நம் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற நடு டெக் ஒன்றைப் பிடியுங்கள். அடுத்த செப்டம்பருக்கு வான்கூவரிலிருந்து அப்படி ஒன்றைப் போட்டிருக்கிறேன், இந்த முறை கறுப்பு ஸ்வெட்டரோடு. அம்மா வருவதாகச் சொன்னால் மாற்றிவிடுவேன்.